மிளகு தூவிய சமையற்காரன்

மாத்தளையில் இரத்தோட்டை பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டே ஊர் வந்ததைச் சொல்லிவிடலாம். முதலில் கராம்பு காய்கிற வாசனை வரும். பிறகு சாதிக்காய், கொக்கோ, கடைசியில் மூக்கை உறுத்துகிற மிளகு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரம் என்பதால் மழைக்கும் பனிக்கும் குறைவில்லை. வீட்டைச் சுற்றி நின்ற கிளிசீரியா மரங்களில் எல்லாம் மிளகுக்கொடி ஏறியிருக்கும். வெயில் அடித்தால் முற்றங்களில் சாக்கு விரித்து மிளகைப் பரப்பிவிடுவார்கள். மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கினால், படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையும் புத்தகத்தைப் போட்டுவிட்டுச் சாக்கை இழுக்க ஓட வேண்டும். சாப்பாட்டுப் பொருள் என்பது எங்களுக்கு வாசனையாகவும் வேலையாகவும் கூலியாகவும் அறிமுகமானது. அது விளையாட்டாகவும் ஆகலாம் என்பதை ஒரு டிவி கேம் பெட்டிதான் காட்டியது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வேலையில் இருந்த மாமா, ஒரு தீபாவளிக்கு வந்தபோது பலகாரப் பெட்டியோடு அதையும் கொண்டுவந்தார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி, நீளமான வயர் வைத்த இரண்டு கைப்பிடிகள், ஒரு பொம்மைத் துவக்கு, மஞ்சள் நிறக் கேசட். "தம்பி, கேசட்டக் கழட்டுறதுக்கு முன்னால சுவிச்ச ஆப் பண்ணணும், வெளங்குச்சா?" என்று மாமா சொல்லிக்கொடுத்தார். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் விற்கத் தொடங்கிய ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல்களில் ஒன்று அது. இப்படிப்பட்ட நகல்கள் தாய்வானிலும் சீனாவிலும் செய்யப்பட்டு ஆசியா முழுவதும் போனவை. கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தவை கொஞ்சந்தான். அவையே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கொஞ்சமே எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் போதும் போதும் என்றாகும்வரை இருந்தது.

பெயர்கள் இங்கிலீசில் இருந்தன. சில ஆட்டங்களுக்குள் ஜப்பானிய எழுத்து வரும். எங்களில் யாராலும் எதையும் வாசிக்க முடியவில்லை. விளையாட வந்தவர்களில் கடைவீதியில் இருந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, பாதைக்கு அந்தப்புறம் இருந்த சிங்களப் பையன்களும் உண்டு. மூன்று பள்ளிக்கூடங்களில் படித்தோம், இரண்டு மொழிகளில் பேசினோம். ஆனாலும் திரையில் ஒரு வாழைப்பழமோ அன்னாசியோ வந்துவிட்டால் அதை எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. யாரும் யாருக்கும் விளக்கவில்லை. உணவின் படம்தான் அந்த ஆட்டங்களில் நாங்கள் எழுத்துக்கூட்டாமல் வாசித்த ஒரே பாடம்.

அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்து ஆட்டங்கள் பல, காசு போட்டு விளையாடுகிற பெரிய இயந்திரங்களுக்காக முதலில் செய்யப்பட்டவை. காசு போட்டவனுக்குச் சில நொடிகளில் எல்லாம் விளங்கிவிட வேண்டும். நினைவகமோ மிகச் சிறியது. ஒரு உருவத்தை 16க்கு 16 புள்ளிகளுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். அந்தச் சிறு கட்டத்துக்குள் மருந்துக் குப்பி என்று வரைந்தால் அது விளக்கா, சாடியா என்று குழப்பம் வரும். சிவப்பாக இரண்டு உருண்டை, மேலே ஒரு காம்பு வரைந்தால் உலகத்தில் எவருக்கும் அது பழம். உணவு திரைக்குள் வந்தது இப்படி, தேவையின் வழியாக. அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அந்தந்த வீட்டில் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் முதலில் சிரித்தது அப்பாயி. மேரியோ ஆட்டத்தில் கல்லை முட்டினால் ஒரு காளான் வெளியே உருண்டு வரும். அதைத் தொட்டதும் குள்ளன் வளர்ந்துவிடுவான். மழை விட்ட மறுநாள் தோட்டத்துப் பக்கம் காளான் பிடுங்கப் போகிறவர் அப்பாயி. எது சமைக்க ஆகும், எது ஆகாது என்று குடையைத் திருப்பி, அடியைப் பார்த்து, முகர்ந்து சொல்லுவார். அவர் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு காளானும் சட்டிக்குள் போனதில்லை. அப்படிப்பட்டவர் திரையைப் பார்த்துப் பதறிப்போனார். "கண்ட காளானையும் ஓடி ஓடிப் பொறுக்குறானே, யாரு கிட்டயாச்சும் கேட்டானா?" என்றார். அவன் வளர்ந்ததைக் கண்டதும் அமைதியாகி, "அப்ப நல்ல காளான்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

1985இல் அந்த ஆட்டத்தை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ, காளான் எங்கிருந்து வந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆட்டம் மந்திர நாட்டில் நடக்கிறது, நாட்டுப்புறக் கதைகளில் மனிதர்கள் காட்டுக்குள் அலைந்து காளானைத் தின்பது வழக்கம், ஆகவே காளான். அப்பாயிக்குத் தெரிந்த காடும் அந்தக் கதைகளின் காடும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. இரண்டிலும் காளான் ஒரு துணிச்சல். தின்றால் என்ன ஆகும் என்ற பயமும் ஆசையும் கலந்த இடத்தில்தான் அந்த ஆட்டத்தின் சிரிப்பு பிறந்தது.

ஆனால் எங்கள் வீட்டுக்கென்றே செய்ததுபோல் இருந்தது இன்னொரு ஆட்டம். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சமையற்காரன் ஏணியில் ஏறி இறங்குவான். தட்டுத் தட்டாக நீளமாய்ப் பணிஸ், பச்சை இலை, இறைச்சி அடுக்கி இருக்கும். அதன் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அவன் நடந்தால், அது பொத்தென்று கீழ்த்தட்டுக்கு விழும். எல்லாம் அடியில் சேர்ந்தால் பர்கர் தயார். அவனைத் துரத்துவதும் சாப்பாடுதான்: ஒரு சொசேஜஸ், ஒரு பொரித்த முட்டை, ஒரு ஊறுகாய் வெள்ளரி. கிட்ட வந்தால் அவன் கையில் இருக்கிற ஒரே ஆயுதத்தை வீசுவான். அது மிளகுத்தூள். தூவியதும் துரத்தி வந்தவை நின்ற இடத்தில் விறைத்துப்போகும்.

மிளகுத்தூள்! அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு முற்றத்தில் பெரிய ஆரவாரம். ஊரெல்லாம் காய்கிற மிளகு டிவிக்குள்ளும் வந்துவிட்டதே என்று. மிளகுக் கொத்திலிருந்து மணியை உதிர்க்க எங்கள் பக்கத்தில் காலால்தான் மிதிப்பார்கள். பறித்து வந்த பச்சைக் கொத்துகளைச் சாக்கில் கொட்டி, பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடப்போம். காம்பிலிருந்து மணி கழன்று காலுக்கடியில் உருளும். உள்ளங்கால் முதலில் குளிரும், பிறகு குறுகுறுக்கும், கடைசியில் எரியும். இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம். ஆகவே உணவின் மேல் நடந்து உணவைத் தயாரிக்கிற அந்த வெள்ளைத் தொப்பிக்காரனை நாங்கள் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. அவன் எங்கள் வேலையைச் செய்தான். மிளகு முடிந்துபோனால் அவன் திணறுவதும் எங்களுக்கு நன்றாக விளங்கியது. மிளகு விலை இறங்கிய வருடத்தில் வீடு திணறியதைப் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

அப்பாயிக்கு மட்டும் அந்த ஆட்டம் பொறுக்கவில்லை.

"ஏண்டா, திங்கிற பணிசு மேல காலோட நடக்குறானே, இவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலயா?"

"நாங்களும் மொளகு மேல நடக்குறோம்தானே அப்பாயி?"

"நீங்க காலக் கழுவிட்டு, தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான ஏறுறீங்க. இவன் கழுவுனானா?"

அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தைத் தொடங்கும்போதெல்லாம், சமையற்காரனுக்காக நாங்களே திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சிங்களப் பையன்களும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். சோற்றைக் காலால் தீண்டக் கூடாது என்பது மூன்று வீட்டிலும் சொல்லி வளர்த்த பாடம்.

டேட்டா ஈஸ்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் 1982இல் செய்த ஆட்டம் அது. ஜப்பானில் அதற்கு வைத்த பெயர் வெறுமனே 'ஹம்பர்கர்'. அமெரிக்காவுக்குப் போனபோது 'பர்கர்டைம்' ஆனது. சமையற்காரனின் பெயர் பீட்டர் பெப்பர். ஜப்பானின் முதல் மெக்டொனால்ட்ஸ் கடை 1971இல் தோக்கியோவின் கின்சாவில் திறந்தது. பதினோரு வருடங்களில் அந்தப் புதிய உணவு அங்கே ஆட்டமாகிவிட்டது. ஒரு சமூகம் புதிதாகச் சாப்பிடத் தொடங்கியதை அதன் விளையாட்டுகளில் பார்க்க முடிகிறது. இலங்கையில் அந்தக் கடை 1998இல் கொழும்பில் வந்தது. இரத்தோட்டைப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் பர்கரைக் கண்ணால் கண்டதில்லை. பேக்கரியில் விற்கிற மீன் பணிசைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு விளையாடினோம்.

இன்னொரு பொருள் எங்களை மிகவும் மகிழ்வித்தது: கத்தரிக்காய். பனிமலை ஏறுகிற இரண்டு பிள்ளைகளின் ஆட்டம் ஒன்று இருந்தது. கையில் மரச் சுத்தியல் வைத்து மேல்தளத்தை உடைத்து உடைத்து ஏறுவார்கள். உச்சிக்குக் கிட்டப் போனால் மேகத்துக்குள் கத்தரிக்காய்கள் மிதக்கும். "வம்பட்டு! வம்பட்டு!" என்று சிங்களப் பையன்கள் கத்துவார்கள். அதற்கும் மேலே ஒரு பெரிய பறவை. தாவி அதன் காலைப் பிடித்தால் வெற்றி. பனிமலையில் கத்தரிக்காய் எப்படி விளையும் என்று நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். மலைநாட்டில் மரக்கறி விளையும்தானே என்று மாமா சமாதானம் சொன்னார்.

'ஐஸ் கிளைம்பர்' என்ற அந்த ஆட்டம் நின்டெண்டோ 1985இல் வெளியிட்டது. மரக்கறிகளைப் பறவை தூக்கிப்போய்விட்டது, அவற்றை மீட்கவே மலையேற்றம் என்பது கதை. ஜப்பானியருக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு. புத்தாண்டின் முதல் கனவில் வந்தால் அதிர்ஷ்டம் என்று அவர்கள் சொல்கிறவை மூன்று: முதலாவது ஃபூஜி மலை, இரண்டாவது ராஜாளி, மூன்றாவது கத்தரிக்காய். அந்த ஆட்டத்திலும் மலையும் பெரிய பறவையும் கத்தரிக்காயும் ஒன்றாகவே நிற்கின்றன. இதை வளர்ந்த பிறகு வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கோ ஒரு நாட்டுப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த நம்பிக்கையோடு, எங்கள் வீட்டு முன்அறையில் உட்கார்ந்து நாங்கள் ஆடியிருக்கிறோம்.

அதே கத்தரிக்காய் இன்னோர் ஆட்டத்தில் எதிரி. புல் ஆடை கட்டிய ஒருவன் தீவில் ஓடிக்கொண்டே இருப்பான். நேரம் போகப்போக அவன் உயிர்க்கோடு குறையும். பழங்களைப் பிடித்தால் ஏறும். ஹட்சன் நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'அட்வென்ச்சர் ஐலண்ட்' அது. தப்பான முட்டையை உடைத்தால் ஒரு கத்தரிக்காய் வந்து தலைக்கு மேலே ஒட்டிக்கொண்டு உயிரை மளமளவென்று உறிஞ்சும். இதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் கறிக்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. "இதத் திண்டா உசிரு கொறையும், டிவியில காட்டுறான்" என்று தம்பி வாதாடினான். அம்மா அசரவில்லை. "அவன் பச்சையாத் திங்கிறான், அதான். நம்ம வதக்கி, மொளகு போட்டு வச்சிருக்கோம்" என்று சொல்லிப் பீங்கானில் இன்னொரு கரண்டி போட்டார். மிளகு எதையும் வெல்லும் என்பது பர்கர் ஆட்டத்தில் நிரூபணமான உண்மை. ஆகவே தம்பியால் மறுக்க முடியவில்லை.

மூத்தவள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான்: பேக்மேன். மஞ்சள் வட்டம், திறந்து மூடுகிற வாய், வழியெல்லாம் புள்ளி, இடையிடையே செரி, ஸ்ட்ராபெரி. தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெரியம்மாவும் சித்தியும்கூட, சாயத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். "சுடுறது, வெட்டுறது ஒண்ணும் இல்ல, திங்கிறான் ஓடுறான்" என்று பெரியம்மா பாராட்டினார். அந்த ஆட்டத்தில் அக்காவை எந்த ஆண்பிள்ளையும் வென்றதில்லை.

நாம்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த தோரு இவத்தானி 1980இல் கொடுத்த ஆட்டம் அது. அன்றைய விளையாட்டு நிலையங்களில் சுடுகிற ஆட்டங்களே நிறைந்து, இளைஞர்கள் மட்டுமே கூடினார்கள். பெண்களும் வர வேண்டும், சோடியாக வருகிறவர்களும் விளையாட வேண்டும் என்று அவர் எண்ணினார். எதை வைத்தால் வருவார்கள் என்று யோசித்து, சாப்பிடுவதை வைத்து ஆட்டம் செய்தார். ஒரு துண்டு எடுத்த பீட்சாவின் வடிவம் அந்த மஞ்சள் வாய்க்கு மூலம் என்று அவர் சொன்னது பிரசித்தம். பெரிய புள்ளியைத் தின்றதும் துரத்துகிற பேய்களைத் திருப்பித் துரத்தும் பலம் வருவதற்கு, பாப்பாய் தின்கிற கீரை தூண்டுதல் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் எண்ணியது தோக்கியோவில் மட்டும் நடக்கவில்லை. இரத்தோட்டையில், வேலை முடிந்த கையோடு வந்து நின்ற பெண்களிடமும் நடந்தது. வீடியோ கேம் உணவை வேடிக்கைக்காக எடுத்துக்கொண்டது என்று சொல்கிறவர்களுக்கு இது பதில். உணவு அங்கே ஒரு அழைப்பு. யாரை வெளியே நிறுத்தினார்களோ அவர்களை உள்ளே கூப்பிடுகிற அழைப்பு.

கொஞ்சம் வளர்ந்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கு மாத்தளைக்குப் போகத் தொடங்கியபோது, பழைய காசு இயந்திர ஆட்டங்களை அங்கே கண்டோம். கப்கொம் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபைட்' 1989இல் வந்தது. எங்கள் பக்கமெல்லாம் 'முஸ்தபா' என்று பெயர் எடுத்த 'கடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' 1993இல். தெருச்சண்டையில் பீப்பாயை உடைத்தால் சுடச்சுட இறைச்சி இருக்கும். அதைத் தெருவிலிருந்து எடுத்துத் தின்றால் அடிபட்ட உடம்பு தேறிவிடும். கொனாமியின் 'காசில்வேனியா'வில் பாழடைந்த கோட்டைச் சுவரை உடைத்தால் உள்ளே கறித்துண்டு. எத்தனை காலம் சுவருக்குள் இருந்ததோ என்று உலகமெங்கும் ஆடியவர்கள் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். செய்தவர்களின் கணக்கு எளிது: ஆடுகிறவன் தேடிக் கண்டுபிடித்த மகிழ்ச்சி வேண்டும், ஆகவே ஒளித்து வை, கண்டதும் நல்லது என்று விளங்க வேண்டும், ஆகவே இறைச்சி வை. இரண்டு நியாயமான முடிவுகள் சேர்ந்த இடத்தில் ஒரு பெரிய வேடிக்கை பிறந்துவிட்டது.

பிறகு வந்த பகிடிகளுக்கும் இப்படிப் பின்கதைகள் உண்டு. வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'போர்ட்டல்' ஆட்டத்தில், சோதனைகளை முடித்தால் கேக் தருவோம் என்று ஒரு இயந்திரம் ஆசை காட்டும். எந்தத் தத்துவத்தை மையமாக வைக்கலாம் என்று குழு கூடிப் பேசியபோது, நிறையப் பேருக்குக் கேக் பிடிக்குமே என்று ஒருவர் சொன்னார், அதுவே நிலைத்தது என்று அதன் எழுத்தாளர் எரிக் வோல்பா கூறியிருக்கிறார். பப்ஜி ஆட்டத்தில் வென்றவருக்குத் திரையில் வருகிற கோழிச் சாப்பாட்டு வாழ்த்து, அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் வழங்கிவந்த பழைய வாசகம். அங்கே வென்ற காசில் ஒரு கோழிச் சாப்பாடு வாங்கலாம் என்பதே அதன் பொருள் என்கிறார்கள். அக்காவின் மகன் அதைப் பெருமையோடு கத்துகிறான்.

இத்தனை உணவுகளையும் பார்த்துவிட்டோம். எங்கள் ரொட்டியை எங்கே காண்பது என்ற கேள்வி எனக்குள் நெடுங்காலம் இருந்தது. அதற்கு ஒரு பதில் 2023 ஜூலை 31ஆம் தேதி வந்தது. கனடாவின் டொரொன்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்ற சிறு குழு 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் என்ற தம்பதியும் அவர்கள் மகன் கவினும் அதில் வருகிறார்கள். வெண்பாவின் அம்மா எழுதித் தந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விட்டுப்போன படியை நாம் ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். சுடுவதற்கு யாரும் இல்லை, துரத்த யாரும் இல்லை. 2024இல் அதற்குப் பிரித்தானியாவின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கான பிரிவில் கிடைத்தது. அதே ஆண்டு சுயாதீன ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய பரிசும் கிடைத்தது. தமிழ் வீட்டு அடுப்பு உலகத்தின் திரையில் ஏறிவிட்டது.

அந்த ஆட்டம் வந்த அதே நாட்களில் இங்கே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம். எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த பாதை அது. ஜூலை கடைசியில் புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்தது. அந்தப் பாதையில் அவர்கள் என்ன தின்றார்கள், தோட்டத்தில் என்ன கொடுத்தார்கள், கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் எப்படி எங்கள் விடிகாலை உணவாயிற்று, மழைக்காலக் காளானை யார் யாருக்குக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே கிடக்கிறது. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள்.

இரத்தோட்டையிலும் கம்மடுவையிலும் மாத்தளையிலும் இன்றைக்குக் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் நிறைய. ஆட்டம் செய்யத் தேவையான மென்பொருள்களில் நல்லவை பல இலவசமாகவே கிடைக்கின்றன. அவர்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் செய்கிற முதல் ஆட்டத்தில் கதாநாயகனுக்குப் பசி வரட்டும். அப்போது அவனுக்குப் பீட்சாவையோ பர்கரையோ கொடுக்காதீர்கள். ரொட்டி கொடுங்கள், கட்டச் சம்பல் கொடுங்கள், சாயத்தண்ணி கொடுங்கள், கையில் கொஞ்சம் மிளகும் கொடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் வீட்டில் இருக்கிற பாட்டியிடம் உட்கார்ந்து, எது எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜப்பானியர் தங்கள் கனவுக் கத்தரிக்காயை எங்களுக்குத் தந்தார்கள். நாம் தருவதற்கும் நிறைய இருக்கிறது.